அமெரிக்க ஸ்கூல் டெஸ்ட் ரிசல்ட்டைப் பிரிச்சா தலை சுத்துதா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பையனோட நாலாம் கிரேடு ஸ்டேட் டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்னிக்கு ஊர்ல இருந்து அப்பா வீடியோ கால்ல கேட்டார், "கணக்குல எவ்வளவும்மா?" நான் "2511 ப்பா"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "எத்தனைக்கு?"

முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவர் அவர், அவருக்கே புரியலன்னா நமக்கு எப்படிப் புரியும். ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி வராண்டால பிள்ளைங்க உள்ள "அ, ஆ" எழுதிட்டு இருக்கற ரெண்டு மணி நேரம் நாங்க வெளிய உக்காந்து பேசறதுல பாதி இந்த டெஸ்ட் பேச்சுதான், அதுவும் மே மாசம் ஆனா கேக்கவே வேணாம். நான் டீச்சர் இல்ல, ரெண்டு பிள்ளை பெத்தவ. முதல்ல டெக்சாஸ், இப்போ கலிஃபோர்னியா, ரெண்டு மாநிலத்துலயும் இந்த பேப்பர்களைக் கையில வச்சு முழிச்சிருக்கேன், ஒரு தடவை பெரிய தப்பும் பண்ணிருக்கேன். அதனால வராண்டால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க எழுதி வைக்கிறேன்.

இந்த ஸ்டேட் டெஸ்ட் எதுக்கு? ஸ்கூல்லயே பரீட்சை இருக்கே?

ஸ்கூல் பரீட்சை டீச்சர் வைக்கிறது, ரிப்போர்ட் கார்டுக்குப் போகும். ஸ்டேட் டெஸ்ட் மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டத்தை வச்சு, ஒரே மாதிரி நடத்தி, ஒரே மாதிரி திருத்துறது. இது மத்திய அரசு சட்டத்துல இருந்து வருது. 2002-ல புஷ் கையெழுத்துப் போட்ட சட்டத்துல ஆரம்பிச்சு, 2015-ல ஒபாமா காலத்துல அதை மாத்தி எழுதினாங்க, ஆனா அடிப்படை மாறல: மூணாம் கிரேடுல இருந்து எட்டாம் கிரேடு வரைக்கும் வருஷா வருஷம் வாசிப்பும் கணக்கும், ஹை ஸ்கூல்ல ஒரு தடவை, சயின்ஸ் மட்டும் எலிமெண்டரி, மிடில், ஹை ஸ்கூல்ல தலா ஒரு தடவை. எந்த டெஸ்ட்டுனு மாநிலம் முடிவு பண்ணிக்கும். டெக்சாஸ்ல ஸ்டார், கலிஃபோர்னியால காஸ்ப், நியூ ஜெர்சில என்ஜேஎஸ்எல்ஏ.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, இந்த டெஸ்ட் முதல்ல அளக்குறது ஸ்கூலை. நம்ம ஊர் பத்தாவது பப்ளிக் எக்ஸாம் பிள்ளையோட அடுத்த படியை முடிவு பண்ணும், இது அப்படி இல்ல. எந்த ஸ்கூல்ல எந்தப் பிள்ளைங்க பின்தங்கியிருக்காங்கன்னு அரசாங்கத்துக்குத் தெரியணும், ஏழைப் பிள்ளைங்க, ஆங்கிலம் புதுசா கத்துக்கறவங்க, ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்கன்னு தனித்தனியா கணக்குப் போடுவாங்க. உங்க வீட்டுக்கு வர்ற பேப்பர் அதோட ஒரு துண்டுதான். இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி டென்ஷன் குறையும், எனக்குக் குறைஞ்சுச்சு.

வருஷம் முழுக்க ஏதாவது டெஸ்ட் இருந்துட்டே இருக்கே, எல்லாம் ஒண்ணா?

இல்லவே இல்ல, இங்கதான் எல்லாரும் குழம்பறோம். வசந்த காலத்துல வர்றது ஸ்டேட் டெஸ்ட். வருஷத்துல மூணு தடவை, செப்டம்பர் வாக்குல, ஜனவரி வாக்குல, மே வாக்குல வர்றது மேப்னு பேர் வச்ச டெஸ்ட் மாதிரியானது, இது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர் ஸ்கூல்களை நடத்தற நிர்வாகம்) காசு குடுத்து வாங்கி வைக்கிறது, பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்குன்னு டீச்சர் பார்க்கறதுக்கு. கிஃப்டட் புரோகிராமுக்கு, அதாவது கூடுதல் திறமை இருக்கற பிள்ளைங்களுக்கான தனி வகுப்புக்கு, வைக்கிறது பெரும்பாலும் காகாட். ஆங்கிலம் எவ்வளவு தெரியும்னு பார்க்க வைக்கிறது கலிஃபோர்னியால எல்பாக், டெக்சாஸ்ல டெல்பாஸ், நியூ ஜெர்சி மாதிரி நிறைய மாநிலத்துல வீடா.

இது போக நேப்னு ஒண்ணு இருக்கு, நாடு முழுக்க நாலாம் கிரேடு, எட்டாம் கிரேடுல சாம்பிளா சில ஸ்கூல், சில பிள்ளைங்களை மட்டும் எடுத்து வைப்பாங்க. அதுல தனிப் பிள்ளைக்கு ரிசல்ட்டே கிடையாது. "அமெரிக்கப் பிள்ளைங்க வாசிப்பு குறைஞ்சிருச்சு"ன்னு நியூஸ்ல வந்தா அது பெரும்பாலும் இந்த நேப் வச்சுதான்.

சரி, அந்த 2511 எத்தனைக்கு?

எத்தனைக்குமே இல்ல. அதான் விஷயம். அப்பாவுக்கு நான் கடைசில சொன்ன பதில் இதுதான்: இது மார்க் இல்லப்பா, தெர்மாமீட்டர் மாதிரி. 101 டிகிரி காய்ச்சல்னா எத்தனைக்கு 101னு கேக்க மாட்டோம்ல, நார்மல் எவ்வளவு, இது எவ்வளவுன்னு தானே பார்ப்போம்.

கலிஃபோர்னியா டெஸ்ட்ல மூணாம் கிரேடுல இருந்து ஹை ஸ்கூல் வரைக்கும் ஒரே அளவுகோல்தான், நம்பர் வருஷா வருஷம் ஏறிட்டே போகணும். நாலாம் கிரேடு கணக்குக்கு 2485 வந்தா அந்த கிரேடுக்கு எதிர்பார்க்கறதை எட்டியாச்சு, அது லெவல் 3. 2549-ஐத் தொட்டா லெவல் 4. என் பையன் 2511, அதனால லெவல் 3. முந்தின வருஷம், மூணாம் கிரேடுல, அவன் 2460, அப்போ எட்ட வேண்டிய கோடு 2436. இப்போ பாருங்க, அவன் ஒரு வருஷத்துல 51 பாயிண்ட் ஏறியிருக்கான், கோடும் 49 பாயிண்ட் ஏறியிருக்கு. அதாவது ஒரு வருஷப் பாடத்தை ஒரு வருஷத்துல ஒழுங்கா படிச்சிருக்கான், கோட்டுக்கு மேல கிட்டத்தட்ட அதே தூரத்துல நிக்கிறான். "போன வருஷமும் லெவல் 3 இந்த வருஷமும் லெவல் 3, முன்னேற்றமே இல்ல"ன்னு வீட்டுக்காரர் சொன்னார். முன்னேற்றம் 51 பாயிண்ட் இருக்குங்க, லெவல் மாறலன்னா படிக்கலன்னு அர்த்தம் இல்ல.

மத்த மாநிலத்துல நம்பர் வேற. நியூ ஜெர்சில 2025 வரைக்கும் நடந்த டெஸ்ட்ல 650-ல இருந்து 850 வரைக்கும், 750 வந்தா எதிர்பார்ப்பை எட்டியாச்சு. டெக்சாஸ்ல நாலு படி, அதுல ரெண்டாவது படியோட பேர் "அப்ரோச்சஸ்", அதையே அவங்க பாஸ்னு எடுத்துக்கறாங்க, ஆனா கிரேடு லெவலுக்கு நல்லா தயாரா இருக்கான்னா மூணாவது படி "மீட்ஸ்" வரணும். நாங்க டெக்சாஸ்ல ஃபிரிஸ்கோங்கற ஊர்ல இருக்கறப்போ இது தெரியாம "பாஸ்"னு பார்த்து சந்தோஷமா மூடி வச்ச அம்மாக்களைப் பார்த்திருக்கேன். ஒரு மாநில ஸ்கோரை இன்னொரு மாநில ஸ்கோரோட ஒப்பிடவே முடியாது. அதனால டல்லாஸ்ல இருக்கற நாத்தனார் பையன் ஸ்கோரைக் கேட்டு வாங்கி நம்ம பிள்ளை ஸ்கோர் பக்கத்துல வச்சுப் பார்க்கற வேலைய விட்டுருங்க ப்ளீஸ்.

பர்சன்டைல் 69-னு வந்திருக்கு. வெறும் 69 தானா?

இதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. பொண்ணு மூணாம் கிரேடு, இலையுதிர் காலத்து மேப் ரிசல்ட், ரெண்டு நம்பர் இருந்துச்சு, ரிட் (மேப்போட ஸ்கோருக்கு அதான் பேர்) 195, பர்சன்டைல் 69. எனக்குக் கண்ணுல பட்டது 69 மட்டும்தான். ஊர்ல கணக்குல 69 வாங்கினா வீட்டுல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும்ல. அன்னிக்கு சாயங்காலமே பக்கத்துல இருந்த ஒரு டியூஷன் சென்டர்ல சேர்த்துட்டேன், வாரத்துக்கு ரெண்டு நாள், வீட்டுக்கு தினமும் பத்து பக்கம் ஒர்க்‌ஷீட். டைனிங் டேபிள்ல பென்சிலைக் கடிச்சுக்கிட்டு ஒன்பது மணி வரைக்கும் உக்காந்திருப்பா, கூட்டல் கூட்டல் கூட்டல், ஏற்கனவே தெரிஞ்ச அதே கூட்டல்.

நவம்பர்ல பேரண்ட் டீச்சர் கான்ஃபரன்ஸ், பதினஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்க. டீச்சர் "கணக்குல நல்லா இருக்கா, ஆவரேஜுக்கு மேல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, நான் "69 தானே வாங்கியிருக்கா"ன்னு கேக்கறேன், அவங்களுக்கு நான் என்ன கேக்கறேன்னே புரியல. அப்புறம் ஒரு பேப்பர்ல கோடு போட்டு விளக்கினாங்க.

நாடு முழுக்க மூணாம் கிரேடு பிள்ளைங்கள்ல நூறு பேரை ஸ்கோர் வரிசைல நிக்க வைங்க, நம்ம பிள்ளை ஏறக்குறைய 69 பேரைத் தாண்டி நிக்குது, அவ்வளவுதான் அர்த்தம். 50 வந்தா சரியா நடுவுல. 99 தான் உச்சம், 100-னு ஒண்ணு கிடையாது. 69 சதவீத கேள்விக்கு சரியா பதில் எழுதினா-ங்கற அர்த்தமே இல்ல. அந்த ரிட் 195 இருக்கே, 2020-ல வெளியிட்ட பட்டியல்படி மூணாம் கிரேடு ஆரம்பத்துல கணக்குக்கு ஆவரேஜ் சுமார் 188. 2025-ல பட்டியலைப் புதுப்பிச்சிருக்காங்க, அதனால பழைய சார்ட்டை வாட்ஸ்அப்ல யாராவது அனுப்பினா தேதி பாருங்க.

வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்ட சாரி சொன்னேன். "அப்போ நாளைக்கு ஒர்க்‌ஷீட் வேணாமா?"ன்னு மட்டும் கேட்டா.

டெஸ்ட் முடிஞ்சு வந்து "பாதி தெரியல"ன்னு அழறான், சரியா படிக்கலையோ?

மேப் டெஸ்ட்னா பாதி தெரியாமதான் இருக்கும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. கண் டாக்டர்கிட்ட போனா எழுத்தைச் சின்னதாக்கிட்டே போவாங்கல்ல, படிக்க முடியாத வரிக்கு வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. அதே கதைதான். சரியா பதில் சொன்னா அடுத்த கேள்வி கஷ்டமா வரும், தப்பா சொன்னா கொஞ்சம் லேசா வரும், கடைசில எங்க பாதி சரி பாதி தப்புன்னு நிக்குதோ அதுதான் பிள்ளையோட இடம். அதனால நல்லா படிக்கற பிள்ளைங்கதான் "ரொம்ப கஷ்டம்"னு சொல்லிட்டு வரும், அஞ்சாம் கிரேடு பிள்ளைக்கு ஏழாம் கிரேடு கேள்வி வந்திருக்கும். கலிஃபோர்னியா ஸ்டேட் டெஸ்ட்லயும் ஒரு பகுதி இப்படித்தான். இதை முன்னாடியே பிள்ளைகிட்ட சொல்லி வைங்க, தெரியாத கேள்வி வந்தா பயப்படாது.

செப்டம்பரை விட ஜனவரில ஸ்கோர் குறைஞ்சிருக்கே?

மேப்ல மூணு பாயிண்ட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், அது அளவோட இயல்பு, வீட்டுத் தராசுல காலைல ஒரு எடை ராத்திரி ஒரு எடை காட்டற மாதிரி. தவிர இதுக்கு டைம் லிமிட் கிடையாது, சில பிள்ளைங்க சீக்கிரம் முடிச்சா விளையாடலாம்னு டகடகன்னு கிளிக் பண்ணிட்டு எந்திரிச்சிடும். எவ்வளவு நேரம் எடுத்தான்னு டீச்சரால பார்க்க முடியும், கேளுங்க. என் பையன் ஒரு தடவை 43 கேள்வியை பதினெட்டு நிமிஷத்துல முடிச்சிருந்தான். வெளிய கிக்பால் ஆடிட்டு இருந்தாங்களாம்.

ஒரு தடவை குறைஞ்சா விடுங்க. மூணு தடவை வரிசையா ஏறாம இருந்தா டீச்சர்கிட்ட பேசுங்க.

ஃபெயில் ஆனா அதே கிளாஸ்ல உக்கார வச்சிருவாங்களா?

பெரும்பாலான இடத்துல இல்ல. கலிஃபோர்னியால இந்த ஸ்கோரால பிள்ளையோட ரிப்போர்ட் கார்டு மார்க்கோ ப்ரமோஷனோ மாறாது, ஹை ஸ்கூல் முடிக்க வச்சிருந்த தேர்வையும் எப்பவோ எடுத்துட்டாங்க. ஆனா மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம், கவனமா இருங்க. ஃப்ளோரிடால மூணாம் கிரேடு வாசிப்புல லெவல் 1 வந்தா அடுத்த கிரேடுக்கு ஏத்த மாட்டாங்க, சில விதிவிலக்கு உண்டு. டெக்சாஸ்ல சின்ன கிளாஸ்ல பிரச்சினை இல்ல, ஆனா ஹை ஸ்கூல்ல அல்ஜீப்ரா 1, பயாலஜி, யுஎஸ் ஹிஸ்டரி, இங்கிலிஷ் 1, 2-னு அஞ்சு ஸ்டார் தேர்வு இருக்கு, டிப்ளமா வாங்க பொதுவா அதை பாஸ் பண்ணணும். மாசச்சூசெட்ஸ்ல 2024 நவம்பர்ல மக்கள் ஓட்டுப் போட்டே அந்த மாதிரி நிபந்தனையை எடுத்துட்டாங்க. டெக்சாஸ் நண்பர்களுக்கு இன்னொண்ணு, 2025-ல போட்ட சட்டப்படி 2027-28 பள்ளி வருஷத்துல இருந்து ஸ்டாருக்குப் பதிலா வருஷத்துல மூணு சின்ன டெஸ்ட் வருது.

ஸ்கூல் சேர்க்கறப்போ வீட்டு மொழி கேட்டாங்க, "தமிழ்"னு எழுதலாமா? எல்லாரும் "இங்கிலிஷ்"னே எழுதுன்னு சொல்றாங்களே?

வராண்டாவோட நம்பர் ஒன் கேள்வி இது. விவரமா சொல்றேன்.

கலிஃபோர்னியால சேர்க்கறப்போ நாலு கேள்வி கேப்பாங்க: பிள்ளை முதல்ல பேசக் கத்துக்கிட்ட மொழி எது, வீட்டுல பிள்ளை அதிகமா பேசற மொழி எது, நீங்க பிள்ளைகிட்ட பேசற மொழி எது, வீட்டுப் பெரியவங்க பேசற மொழி எது. முதல் மூணுல எதுக்காவது தமிழ்னு எழுதினா முப்பது நாளுக்குள்ள எல்பாக் ஆரம்பத் தேர்வு வைப்பாங்க, கேக்கறது, பேசறது, படிக்கறது, எழுதறது நாலும். ஆங்கிலம் போதுமான அளவு தெரிஞ்சா அத்தோட முடிஞ்சது. தெரியலன்னா "இங்கிலிஷ் லேர்னர்"னு பதிவாகும், கூடுதல் உதவி கிடைக்கும், ஆனா அதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் வருஷா வருஷம் எல்பாக் எழுதணும். வெளிய வர எல்பாக்ல லெவல் 4 வரணும், டீச்சர் கருத்து, பெற்றோர் கருத்து, இன்னொரு அடிப்படைத் தேர்வு, இந்த நாலையும் பார்ப்பாங்க.

பயம் எங்க இருந்து வருதுன்னா, கிண்டர்கார்டன் பிள்ளை அஞ்சு வயசுல புது ஆள் முன்னாடி உக்காந்து வாயே திறக்காது, அதனால ஆங்கிலம் நல்லா தெரிஞ்சும் லேர்னர்னு ஆயிடும். நிஜமாவே நடக்குது. மிடில் ஸ்கூல் வரைக்கும் வெளிய வரலன்னா ஆங்கில உதவி வகுப்பு ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாடம்) இடத்தைப் பிடிச்சுக்கும், பிள்ளை மியூசிக் பேண்ட்லயோ ஆர்ட்லயோ சேர முடியாம போகலாம். உதவி வேணாம்னு நீங்க எழுதிக் குடுக்கலாம், ஆனா வருஷத் தேர்வை மட்டும் தவிர்க்க முடியாது.

இவ்வளவு இருந்தும் என் கருத்து, உண்மையை எழுதுங்க. ஊர்ல இருந்து புதுசா வந்த பிள்ளைக்கு அந்த உதவி உண்மையிலேயே வேணும், பொய் எழுதினா அது கிடைக்காது. பிறந்ததுல இருந்தே ரெண்டு மொழியும் பேசற பிள்ளைன்னா அதுவும் உண்மைதானே, ஆங்கிலத்துலதான் அதிகம் பேசுதுன்னா அந்தக் கேள்விக்கு ஆங்கிலம்னே எழுதுங்க, ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி, நாலுக்கும் ஒரே பதில் போடணும்னு இல்ல. தேர்வுக்கு முன்னாடி, "ஒரு டீச்சர் படம் காட்டி கேள்வி கேப்பாங்க, நல்லா பேசு"ன்னு பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புங்க, அது ஒண்ணே பாதி வேலை.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, கிண்டர்கார்டன்ல தமிழ்னு எழுத பயந்த அதே பெற்றோர் பதினொண்ணாம் கிரேடு வந்ததும் "தமிழுக்கு சீல் ஆஃப் பைலிட்டரசி வாங்கலாமா"ன்னு வந்து கேக்கறாங்க. ரெண்டு மொழில எழுதப் படிக்கத் தெரியும்னு ஹை ஸ்கூல் முடிக்கறப்போ குடுக்கற முத்திரை அது. கலிஃபோர்னியாதான் 2012-ல அதை முதல்ல ஆரம்பிச்ச மாநிலம். வாங்கலாம். ஆனா எழுதப் படிக்கத் தெரியணும், ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது.

ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகுது, இவனும் எழுதணுமா?

கலிஃபோர்னியால, இங்கிலிஷ் லேர்னர்னு பதிவாகி அமெரிக்க ஸ்கூல்ல சேர்ந்து பன்னிரண்டு மாசம் ஆகலன்னா, ஆங்கிலப் பகுதிக்கு ஒரு தடவை விலக்கு உண்டு. கணக்கு எழுதணும். கணக்குல கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தம் காட்டற வசதி பஞ்சாபி உட்பட சில மொழில இருக்கு, தமிழ்ல இல்ல. அதனால கணக்குக்கான ஆங்கில வார்த்தைங்களை வீட்டுல பழக்குங்க. ஊர்ல தமிழ் மீடியத்துல "வகுத்தி, ஈவு, மீதி"ன்னு படிச்ச பிள்ளைக்கு கணக்கு தெரியும், கோஷன்ட்னா என்னன்னுதான் தெரியாது.

வேணாம்னா எழுதாம விடலாமா?

கலிஃபோர்னியால முடியும், வருஷா வருஷம் ஸ்கூலுக்கு எழுத்துல குடுக்கணும். டெக்சாஸ்ல சட்டப்படி அந்த உரிமை இல்ல. 95 சதவீதப் பிள்ளைங்க எழுதணும்னு மத்திய சட்டம் சொல்லுது, அதனால ஸ்கூலுக்கு இது பிடிக்காது. ரொம்ப பதட்டப்படற பிள்ளைன்னா யோசிக்கலாம். மத்தபடி எழுதட்டும், இது எங்க வீட்டு முடிவு.

டியூஷன் வைக்கலாமா?

ஸ்டேட் டெஸ்ட்டுக்குன்னு காசு செலவு பண்ணாதீங்க. பழைய கேள்விகள், ப்ராக்டிஸ் டெஸ்ட் எல்லாம் மாநிலமே இலவசமா ஆன்லைன்ல வச்சிருக்கு, லாகின் கூட வேணாம். ஒரே ஒரு தடவை பிள்ளையை உக்கார வச்சு அதைப் பண்ண விடுங்க, பாடத்துக்காக இல்ல, திரையைப் பழகறதுக்கு. விடையை இழுத்து வைக்கணும், பின்னத்தை டைப் பண்ணணும், ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் டிக் பண்ணணும், கட்டுரையை கீபோர்டுல அடிக்கணும். எட்டு வயசுப் பிள்ளை ஒத்தை விரல்ல தேடித் தேடி அடிச்சுக்கிட்டு கட்டுரை எப்படி எழுதும்? எங்க வீட்டுல நாங்க செஞ்சது டைப்பிங் பழக்கினது, தினமும் பத்து நிமிஷம். அப்புறம் தினமும் இருபது நிமிஷம் ஏதாவது படிக்கறது. வாசிப்பு ஸ்கோருக்கு இதை விட நல்ல வழி நான் பார்க்கல.

காகாட்ல 128 வந்திருக்கு, ஐக்யூவா?

ஐக்யூ இல்லைங்க. வார்த்தை, எண், படம்னு மூணு பகுதி, அதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டு 100 நடு, 160 உச்சம். 128-னா பர்சன்டைல்ல 96 பக்கம் வரும். படப் பகுதில காகிதத்தை மடிச்சு ஓட்டை போடற கேள்வி எல்லாம் வரும், முன்ன பின்ன பார்க்காத பிள்ளை முழிக்கும், ஒரு தடவை காட்டி வைங்க, போதும். எத்தனை வந்தா கிஃப்டட்னு ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஒரு கட் ஆஃப், ஒரு ஊர்ல கிடைச்சது பக்கத்து ஊர்ல கிடைக்காது. கிடைக்கலன்னா பிள்ளை காதுபட புலம்பாதீங்க.

வீடு வாங்கறப்போ ஸ்கூல் ரேட்டிங் பத்துக்குப் பத்து பார்த்துதானே வாங்கறோம், சரிதானே?

எல்லாரும் அதைத்தான் பண்றோம், நாங்களும் பண்ணினோம், அந்த ஒரு நம்பருக்காக வாடகைல எவ்வளவு போச்சுன்னு கேக்காதீங்க. அந்த ரேட்டிங்ல பெரிய பங்கு ஸ்டேட் டெஸ்ட் ஸ்கோர்தான். அந்த ஸ்கோர் பெருமளவு சொல்றது அந்த ஏரியால இருக்கற பெற்றோரோட வருமானமும் படிப்பும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் குழு நாடு முழுக்க ஸ்கோர்களை வச்சு ஆராய்ச்சி பண்ணி, சராசரி ஸ்கோர் வசதியோட ஒட்டிப் போகுது, ஆனா பிள்ளைங்க வருஷா வருஷம் எவ்வளவு வளர்றாங்கங்கறது அப்படி ஒட்டிப் போகலன்னு காட்டியிருக்காங்க. அதாவது ரேட்டிங் கம்மியா இருக்கற ஸ்கூல்லயும் நல்லா சொல்லிக் குடுக்கலாம். அதனால வீடு பார்க்கறப்போ "குரோத்" நம்பரையும் தேடிப் பாருங்க. பத்துக்குப் பத்து ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க சாயங்காலம் டியூஷன் போகுது, அந்த ஸ்கோர்ல ஸ்கூல் பங்கு எவ்வளவு, நம்ம மினிவேன் பங்கு எவ்வளவுன்னு யாரு பிரிச்சுப் பார்க்கறது?

பிள்ளைக்கு கவனக்குறைவு, டிஸ்லெக்ஸியா மாதிரி இருந்தா?

இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஸ்கூல் எழுதிக் குடுக்கற ஐஇபி, 504-ங்கற திட்டம் ரெண்டுல ஒண்ணு இருந்தா அதுல எழுதியிருக்கற சலுகை, தனி ரூம், இடைவேளை, கேள்வியை வாசிச்சுக் காட்டறது, இதெல்லாம் டெஸ்ட்லயும் உண்டு. ஆனா முன்னாடியே பதிவாகியிருக்கணும், டெஸ்ட்டுக்கு முந்தின நாள் போய் கேட்டா நடக்காது. இதை வெளிய சொல்ல நம்ம ஆளுங்க வெக்கப்படறாங்க, அதனால பிள்ளைங்கதான் கஷ்டப்படுது.

நம்ம ஊர் மாதிரி மறுகூட்டல் உண்டா?

மெஷின் திருத்தற கேள்விக்கு பெருசா ஒண்ணும் மாறாது. டெக்சாஸ்ல டிஸ்ட்ரிக்ட் மூலமா மறுபடி திருத்தச் சொல்லலாம், மாறலன்னா கட்டணம் உண்டு. பிள்ளையோட ரெக்கார்டைப் பார்க்கற உரிமை மத்திய சட்டப்படி உங்களுக்கு இருக்கு, கேட்டா 45 நாளுக்குள்ள காட்டணும்.

அப்போ எந்த டெஸ்ட்தான் முக்கியம்? காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடியா?

ஹை ஸ்கூல்ல ஆமா, ஆனா அதுவும் எங்க அப்ளை பண்றீங்கங்கறதைப் பொறுத்து. 2024 மார்ச்ல இருந்து அமெரிக்கால எஸ்ஏடி முழுக்க லேப்டாப்ல, 98 கேள்வி, ரெண்டு மணி பதினாலு நிமிஷம், மொத்தம் 1600. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள், யூசி ஆகட்டும் சிஎஸ்யூ ஆகட்டும், அட்மிஷனுக்கு எஸ்ஏடியைப் பார்க்கறதே இல்ல, 1600 வாங்கினாலும் அட்மிஷன்ல அதுக்கு மதிப்பு இல்ல. எம்ஐடி 2022-ல திரும்பக் கேக்க ஆரம்பிச்சுது, 2024-ல ஹார்வர்டு, கால்டெக், டார்ட்மவுத் எல்லாம் வரிசையா வந்தாங்க, டெக்சாஸ்ல யுடி ஆஸ்டின் பல்கலைக்கழகமும் கேக்குது. அதனால எட்டாம் கிரேடுலயே எஸ்ஏடி கோச்சிங் சேர்க்கறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது. பிள்ளை எந்த காலேஜ் போகும்னே தெரியாது, அதுக்குள்ள நாலு கொள்கை மாறிடும்.

டீச்சர்கிட்ட போய் என்ன கேக்கறது? இங்கிலிஷ்ல பேசவே தயக்கமா இருக்கு.

பதினஞ்சு நிமிஷத்துல மூணு விஷயம் கேட்டா போதும். கிளாஸ்ல நீங்க தினமும் பார்க்கறதும் இந்த ஸ்கோரும் ஒத்துப்போகுதா? எந்தப் பகுதில இறங்கியிருக்கு, உதாரணத்துக்கு ஒரு கணக்கு காட்டுங்க? வீட்டுல நான் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது? அந்தக் கடைசிக் கேள்வியை நான் மூணாம் கிரேடுலயே கேட்டிருந்தா அத்தனை ஒர்க்‌ஷீட் வாங்கியிருக்க மாட்டேன். தயக்கமா இருந்தா முன்னாடியே ஈமெயில் போட்டு வைங்க, மொழிபெயர்ப்பாளர் வேணும்னாலும் கேக்கலாம், கேட்டா ஏற்பாடு பண்ண வேண்டியது ஸ்கூலோட பொறுப்பு. என் மாமியார் பேரனோட மீட்டிங்குக்கு வந்தப்போ ஃபோன்ல தமிழ் ஆள் ஒருத்தரைப் போட்டுக் குடுத்தாங்க. அத்தை அவர்கிட்ட முதல்ல கேட்டது, "தம்பி, நீங்க எந்த ஊரு?"

டெஸ்ட் அன்னிக்குக் காலைல?

இட்லி. குரோம்புக் சார்ஜ். ஒயர் வச்ச ஹெட்ஃபோன், ப்ளூடூத் சில ஸ்கூல்ல விட மாட்டாங்க, அந்த ஒயர் ஹெட்ஃபோனை முந்தின நாள் ராத்திரியே பைல போட்டு வைங்க, காலைல எட்டு மணிக்கு சோஃபாவுக்கு அடில தேடற வேலை வேணாம். கார்ல இருந்து இறங்கறப்போ "நல்லா பண்ணு, நிறைய மார்க் எடு"ன்னு வாய் வரைக்கும் வரும். நான் "மெதுவா பண்ணு, கிக்பால் எங்கயும் போகாது"ன்னு சொல்லி அனுப்பறேன்.